இனிஷியலோடு சொன்னவர்

எங்கள் நூலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் இனிஷியல் உண்டு என்பது, அவர் துணை நூலகராக வந்த பிறகுதான் எங்களுக்கே நினைவுக்கு வந்தது. அதுவரை நான் வெறும் கவுண்டர் கலா. புத்தகங்களை அடுக்குகிறவர் தாஸ். கீழ்த்தளத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் ஆயாம்மா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் மாடி மாடியாக ஏறி இறங்கி எல்லோரிடமும் பெயர் கேட்டார். பெயரைச் சொன்னதும் போய்விடமாட்டார். "இனிஷியல்?" என்று நிற்பார்.

ஆயாம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னாத்துக்கும்மா அதெல்லாம்? போலீஸ் டேசன்ல கேக்கற மாரி கேட்டுகினு கீறே?"

அவர் சிரித்தபடி நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஆயாம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "கோ" என்றார். "எங்க நைனா பேரு கோதண்டம்."

அடுத்த மாதம் குடிதண்ணீர் மெஷின் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளில், நூலகரின் வெளிநாட்டுப் பயணச் செய்திக்குக் கீழே, 'கோ. முனியம்மாளின் பேத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறார்' என்று ஒரு வரி இருந்தது. ஆயாம்மா தாஸ் அண்ணனைக் கூட்டிவந்து அதை வாசிக்கச் சொன்னார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு அந்த 'கோ' எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகம் அது. நூலகம் அதன் நடுவில் ஒரு கண்ணாடிக் கட்டடம். மாதாமாதம் 'ஊழியர் செய்திகள்' என்று ஒரு தாள் வரும். எங்கள் வாயில் அது ஸ்டாஃப் நியூஸ். யார் எந்தக் கருத்தரங்கில் கட்டுரை படித்தார், யாருக்குப் பதவி உயர்வு, யார் ஓய்வு பெறுகிறார் என்றெல்லாம் இருக்கும். எல்லாம் அதிகாரிகளின் சமாச்சாரம். பாட்டிலில் தண்ணீர் நிரம்புகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். எங்களைப் பற்றி அதில் எதுவும் இருக்காது என்று தெரிந்தே பார்ப்போம்.

அந்தத் தாளைத் தயாரிக்கும் பொறுப்பு புதிய துணை நூலகரிடம் வந்தது. ஊழியர்களைப் பயிற்சிக்கு அனுப்புகிற வேலையும் அவருடையதே. இரண்டுமே யாரும் கேட்டு வாங்காத வேலைகள். அவர் மட்டும் இரண்டையும் பலகாரத் தட்டை வாங்கிக்கொள்கிற மாதிரி வாங்கிக்கொண்டார்.

அவர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். மேற்குத் தாம்பரத்துக்காரர். அவருடைய அப்பா, அவர்கள் வழக்கில் அத்தா, மார்க்கெட் பக்கம் குடைக்கடை வைத்திருந்தவர். பருத்திச் சுடிதாரும் தலையைச் சுற்றிய துப்பட்டாவுமாக வருவார். மூக்குக்கண்ணாடி இறங்கினால் விரலால் தொடமாட்டார். மாவு பிசைந்துகொண்டிருக்கிறவர்கள் செய்வதைப்போல மணிக்கட்டின் பின்புறத்தால் மேலே தள்ளுவார். என்னை அக்கா என்பார். நான் மேடம் என்பேன். "பேர் சொல்லியே கூப்பிடுங்கக்கா, நான்தானே சின்னவ" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எனக்கு அது கடைசிவரை வாயில் வரவில்லை.

அவரிடம் ஒன்று உண்டு. இன்னொருவர் செய்த நல்ல காரியம் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. செய்தவரின் முழுப் பெயரோடு நாலு பேர் முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் எங்களுக்கெல்லாம் நல்லது நடந்தது. அவருக்குக் கெட்டது நடந்ததும் அதனால்தான்.

ரேவதி என்று எம்.ஏ. வரலாறு படித்த ஒரு பெண் தினமும் என் கவுண்டருக்கு எதிரில் வந்து உட்காருவாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. தோழி ஒருத்தி பாடப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவாள். அந்தத் தோழி ஒரு செமஸ்டர் பாதியில் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் ரேவதி அதே நாற்காலியில் வந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் நான் எழுந்துபோய் இரண்டு பக்கம் வாசித்தேன். அது பழக்கமாகிவிட்டது. பிறகு, வீட்டிலும் கேட்கட்டும் என்று செல்போனில் பதிவுசெய்து கொடுக்கத் தொடங்கினேன். கவுண்டர் ஆள் செய்கிற வேலை இல்லை இது, யாராவது பார்த்தால் வம்பு என்று அகராதிகள் இருக்கிற மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்வோம்.

ஒருநாள் வாசித்து முடித்து நிமிர்ந்தால், அலமாரிக்கு அந்தப் பக்கம் மேடம் நிற்கிறார். எத்தனை நேரமாக நின்றாரோ.

"லஞ்ச் டைம்லதான் மேடம்... கவுண்டர்ல ஜெயந்தி இருக்கா..."

"அக்கா, உங்க இனிஷியல் ம தானே?"

"ஆமா மேடம்."

"சரி. நீங்க வாசிங்க" என்று போய்விட்டார்.

அந்த மாதத் தாளில், 'வழங்கு பிரிவில் பணிபுரியும் ம. கலாவதி, பார்வையற்ற மாணவி ஒருவருக்குத் தம் உணவு இடைவேளையில் பாடநூல்களை வாசித்துப் பதிவுசெய்து தருகிறார். அவருடைய குரலில் அவசரம் இல்லை' என்று இருந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு அப்புறம் என் முழுப் பெயரை யாரும் எழுதியோ சொல்லியோ பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் அந்தத் தாளை செல்போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். என் நாத்தனார் கைகூப்பும் பொம்மை போட்டாள்.

மேடம் அதோடு விடவில்லை. பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கான நூலகச் சேவை பற்றித் திருச்சியில் ஒரு வாரப் பயிற்சி நடப்பதாக ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், நான் அட்டெண்டர் கிரேடு. எப்படி அனுப்புவாங்க?"

"இதுல 'நூலகப் பணியாளர்'னு போட்டிருக்கு. அட்டெண்டர் பணியாளர் இல்லையா?"

"எனக்கு இங்கிலீஷ் தடுமாறும்."

"அங்க சொல்றவங்களுக்குத் தமிழ் தடுமாறும். போய்ட்டு வாங்கக்கா, ரெண்டு பேரும் சமாளிப்பீங்க."

பதிவாளர் அலுவலகத்தில் அவர் எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று தெரியாது. அனுமதி கிடைத்தது. நான் அதுவரை தனியாக ஊரப்பாக்கத்துக்கும் எழும்பூருக்கும் இடையில்தான் ரயிலில் போயிருக்கிறேன். கிளம்பிய அன்று தாம்பரம் ஸ்டேஷனில் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஒரு பக்கம், மேடம் ஒரு பக்கம். கையில் ஒரு டப்பா. அவருடைய அம்மா செய்து கொடுத்த இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். ரயில் நகரும்போது ஜன்னலோடு கூடவே நடந்துவந்து, "வந்ததும் சனிக்கிழமை எங்களுக்குச் சொல்லணும், மறந்துடாதீங்க" என்றார்.

அது அவர் வைத்த சட்டம். பயிற்சிக்குப் போனவர் யாராக இருந்தாலும் திரும்பி வந்த சனிக்கிழமை மத்தியானம், இரண்டாம் மாடி அறையில் எல்லோர் முன்னாலும் நின்று கற்றதைச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. முதல் வரிசையில் மேடம். நான் திணறி நின்ற இடத்தில் அவர் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு நன்றாகப் பதில் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பதில் சொல்லத் தொடங்கியவள் அரைமணி நேரம் பேசிவிட்டேன்.

தாஸ் அண்ணனை அனுப்பியதுதான் பெரிய கூத்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கல்லூரியில், புத்தகங்களைக் கையாள்வது பற்றி ஒருநாள் பயிற்சி. அவர் பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். "இன்னா மேடம், எனுக்குப் போயி கிளாஸா? பேஜாருமா இது" என்று பத்து நாள் ஒளிந்து திரிந்தார். மேடம் விடவில்லை. போனவர் சாயங்காலம் கோவளத்தில் இறங்கி, படகுத்துறையில் நல்ல வவ்வால் மீன் கிடைத்தது என்று பை நிறைய வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் ஐஸ் பெட்டியோடு நூலகத்துக்குள் நுழைந்து எல்லோருக்கும் பங்கு போட்டார். சனிக்கிழமை அவர் முறை வந்தது.

"சொல்றதுக்கு இன்னா கீது. ஏசி ரூம்ல குந்தவச்சி, புக்கை எப்டித் தூக்கறதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்கோ. முதுகை வளைக்கக் கூடாதாம். முட்டிய மடக்கணுமாம். நான் சேந்த நாள்லேர்ந்து முதுகைத்தான் வளைச்சிகினு கீறேன். அதான் இந்த நோவு. முன்னமே சொல்லியிருந்தா இன்னா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "எந்த இடத்துல வலிக்குதுண்ணா?" என்று கேட்டார். அடுத்த மாதத்துக்குள், கீழ் அடுக்குகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்து அடுக்குவதற்கு, சக்கரம் வைத்த குட்டை ஸ்டூல்கள் வந்து இறங்கின. ஸ்டாஃப் நியூஸில், 'அ. ஏசுதாஸ் பயிற்சி முடிந்து வந்து எழுப்பிய கேள்வியின் விளைவாக' என்று போட்டிருந்தது. "நான் எங்கேம்மா கேள்வி எழுப்பினேன், வலிக்குதுன்னு சொன்னேன்" என்றார் அவர். ஆனாலும் அந்த ஸ்டூலில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார்.

எல்லாம் இப்படி இனிப்பாகவே இருந்துவிடவில்லை. என்னோடு கவுண்டரில் இருந்த ஜெயந்தி, அஞ்சல் வழியில் நூலகவியல் பட்டம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சொல்லவில்லை. அவள் கணவர் ஒரு கம்பெனியில் சூபர்வைசர். மனைவி தன்னைவிடப் படித்துவிடக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிற மனுஷன். புத்தகங்களை நூலக அலமாரியிலேயே பூட்டிவைத்து, ரயிலில் படித்துப் பாஸ் செய்தாள். ரிசல்ட் வந்த அன்று பல்கலைக்கழக இணையதளத்தில் அதைப் பார்த்துவிட்ட மேடம், சந்தோஷம் தாங்காமல், அந்த மாதத் தாளின் முதல் செய்தியாகவே போட்டுவிட்டார். தாள் வாட்ஸாப்பில் போயிற்று. எங்கெங்கோ சுற்றி அவள் கணவரிடமே வந்து சேர்ந்தது.

இரண்டு நாள் ஜெயந்தி வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது கண் வீங்கியிருந்தது. அழுத வீக்கம்தான், வேறு இல்லை என்றாள். மேடம் எதிரில் நின்று, "ஏன் மேடம் என்னைக் கேக்காமப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். மேடத்தின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேடம் என் வீட்டுக்கு வந்தார். ஜெயந்தியும் ஊரப்பாக்கத்தில்தான், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. "கூட வர்றீங்களாக்கா? எனக்குத் தனியாப் போக பயமா இருக்கு" என்றார். போனோம். ஜெயந்தியின் கணவர் உட்காரச் சொல்லவில்லை.

"எங்க வீட்டு விஷயத்தைப் போர்டுல ஒட்டறதுக்கு நீங்க யாரு?"

"தப்பு என்னுதுங்க" என்றார் மேடம். "அவங்களைக் கேட்டிருக்கணும். கேக்கல. உங்க மேல தப்பு சொல்லவோ அட்வைஸ் பண்ணவோ நான் வரல. ஜெயந்திகிட்ட மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

ஜெயந்தி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மேடம் அவளிடம் திரும்பி, "மன்னிச்சிடுங்க" என்றார். சண்டைக்கென்று தயாராக இருந்த அந்த ஆளுக்கு எதிரில் சண்டைக்காரர் யாரும் இல்லை. "காபி போடு" என்றார் உள்ளே பார்த்து. நாங்கள் குடித்தோம். அவர் மனம் மாறிவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் ஜெயந்தி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். சான்றிதழையும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து, மெயின் ரோட்டுக்கு நடந்தோம். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மேடம், "எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுன்னு போட்டேன்க்கா. அது அவங்களுக்குச் சந்தோஷமான்னு யோசிக்கல" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவரிடமும் வந்து, "போடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் போட்டார்.

இதை எழுதுவதற்கு முன் நானும் அவரைக் கேட்டேன். "என் பேரு வேணாம்க்கா. மத்தவங்க பேரு எல்லாம் இருக்கில்ல, போதும்" என்று பதில் போட்டார். அதனால்தான் இங்கே அவர் பெயர் இல்லை.

நான் திருச்சியிலிருந்து வந்த பிறகு, இரண்டாம் மாடியில் புத்தகம் வைத்திருந்த ஓர் அறையைக் காலிசெய்து, பார்வையற்ற மாணவர்களுக்காக ஒலிநூல் அறை ஒன்றை ஆரம்பித்தோம். தாஸ் அண்ணன் பழைய கம்பளிகளைக் கொண்டுவந்து சுவரெல்லாம் அடித்தார், வெளிச்சத்தம் வராமலிருக்க. ஜெயந்தி பதிவுகளை வகைப்படுத்தினாள். ரேவதி ஒவ்வொன்றையும் கேட்டுக் குறை சொன்னாள். "அக்கா, நீங்க மூச்சு விடற சத்தத்தை வெட்டாதீங்க. அதை வெட்டினா மெஷின் வாசிக்கிற மாதிரி ஆயிடுது" என்பாள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 'வாசிப்பது ம. கலாவதி' என்று சொல்லியாக வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வேன்.

கொஞ்ச காலத்தில் அந்த அறையைத் தேடி மற்ற கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பேச்சு மேலே வரை போயிற்று. திறப்பு விழா என்று ஒன்றை, அறை நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு, ஏற்பாடு செய்தார்கள். வேந்தர் வந்தார். எங்கள் நூலகர் மேடையில் தம்முடைய நெடுநாள் கனவு அது என்று பேசினார். அந்த அறைக்குள் அவர் அதற்குமுன் வந்து நான் பார்த்ததில்லை. வீடியோ ஒன்று போட்டார்கள். அதில் கட்டடம் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, நூலகர் இருந்தார்.

நன்றியுரை மேடம். நூலகர் அலுவலகத்திலிருந்தே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். வேந்தர், துணைவேந்தர், பதிவாளர், பந்தல் போட்டவர் வரை எல்லோரையும் அதிலிருந்தபடியே சொன்னார். பிறகு காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை மணிக்கட்டால் தள்ளினார்.

"இந்த அறையை உருவாக்கினவங்களை இன்னும் சொல்லல" என்றார்.

ஒவ்வொருவராகச் சொன்னார். ம. கலாவதி என்ன செய்தார், க. ஜெயந்தி என்ன செய்தார், கம்பளியை எங்கே தேடி அ. ஏசுதாஸ் அலைந்தார், மூச்சுச் சத்தத்தைப் பற்றி செ. ரேவதி என்ன சொன்னார், ரேவதி சொன்னதால் வாசிப்பே எப்படி மாறியது, பதிவு நடக்கும்போது மாடிப்படியில் நின்று கோ. முனியம்மாள் எப்படி ஆட்களை வாயில் விரல் வைத்து நிறுத்தினார். பெயர் சொல்லப்பட்டவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். கடைசி வரிசையில் நாங்கள் எழுந்து நின்றோம். ஆயாம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராக நின்றார். வேந்தர் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். நூலகரும் தட்டினார். ஆனால் அவர் எங்களைப் பார்க்கவில்லை, மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில வாரங்களில் ஒவ்வொன்றாக நடந்தது. ஸ்டாஃப் நியூஸ் இனி நூலகர் ஒப்புதலோடுதான் வரும் என்றார்கள். பயிற்சிக்கு ஆள் அனுப்புவது அலுவலகத்துக்குப் போயிற்று. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அறை இல்லை என்றார்கள். பிறகு, சிறுசேரியில் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிற சின்ன மையத்துக்கு மேடத்தை மாற்றி உத்தரவு வந்தது. நிர்வாக வசதிக்காக என்று போட்டிருந்தது. பதவி அதே பதவி. ஆனால் அங்கே நூலகம் என்று சொல்ல ஓர் அறையும் சில கம்ப்யூட்டர்களும்தான். படிக்க வருகிறவர்களே கிடையாது. சுற்றியிருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனிகளின் பஸ்கள் வாசலில் வந்து போகும், அவ்வளவே. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று மாறி மாறிப் போக வேண்டும்.

"நீங்க எதிர்த்து எழுதலாமே மேடம்" என்றாள் ஜெயந்தி.

"எதுக்குன்னு எழுத? அவங்க ஒண்ணும் தப்பாப் போடலயே" என்றார். பிறகு ஜெயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னது சொன்னதுதான். அன்னைக்கு அதைச் சொல்லாம இறங்கியிருந்தா எனக்குச் சோறு இறங்கியிருக்காது" என்றார்.

அவர் போனது அந்த மாதத் தாளில் வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து தாள் கலரில் வந்தது. வழவழவென்று, பொன்னாடை போர்த்துகிற படங்களோடு. தண்ணீர் பிடிக்கும்போது நான் போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன்.

அவர் போன பிறகு ஒரு ரமலான் பெருநாளைக்கு நானும் தாஸ் அண்ணனும் மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். அதுதான் முதல் தடவை. மாடி வீடு. கதவு திறந்திருந்தது. மேடம் உள்ளே ஏதோ வேலையாக இருந்தார். கூடத்தில் சாய்வு நாற்காலியில் ஒரு பெரியவர். நான் வாசலில் நின்று, "மேடம் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

பெரியவர் தலையைச் சட்டென்று நிமிர்த்தினார். முகம் என் பக்கம் திரும்பியது. ஆனால் கண் என்மேல் நிற்கவில்லை.

"யாரு... ம. கலாவதியா?" என்றார்.

மேடம் கரண்டியோடு ஓடிவந்தார். அவருடைய அத்தாவுக்குச் சர்க்கரையால் பார்வை போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் நூலகத்துக்கு மேடம் வருவதற்கும் முன்பே. தினமும் சாயங்காலம் பெரியவர், இணையத்தில் பொதுவாக வைத்திருந்த என் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "உன் குரல்ல நான் சரித்திரம் பூரா படிச்சிட்டேம்மா. முகலாயர் முடிஞ்சுது. இப்ப வெள்ளைக்காரன் வந்துட்டான்" என்று சிரித்தார். "இவன் எப்ப போவான், சொல்லேன்."

தாஸ் அண்ணன் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிரியாணி சாப்பிட்டோம். திரும்பும்போது மாடிப்படியில் நான் கேட்டேன்: "ஏன் மேடம் சொல்லவே இல்ல?"

"என்னத்தைக்கா சொல்றது?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அவர் கேட்கிற இடத்திலேயே நின்று பழகியவர். எதிரில் இருக்கிறவர் திருப்பிக் கேட்பதற்குள், அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்.

அந்தப் படியில் வைத்துத்தான், குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பார்வையற்றோர் வாசிப்பு மையத்துக்குப் பொறுப்பாளர் தேடுகிறார்கள், விண்ணப்பம் போடுங்கள் என்றும் சொன்னார். போட்டேன். நேர்முகத்தில் திருச்சியைப் பற்றிக் கேட்டார்கள். திணறாமல் பேசினேன். இப்போது அங்கேதான் இருக்கிறேன். எனக்கென்று ஒரு மேசையும், என் கீழ் வாசிப்பவர்கள் சிலரும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் இனிஷியலோடுதான் கூப்பிடுகிறேன். சில பேர் சிரிப்பார்கள்.

மறு வருஷம் அவருடைய அத்தா இறந்துபோனார். சிறுசேரி வேலையை மேடம் விட்டுவிட்டார். தம்பி மஸ்கட்டில் இருக்கிறார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் சேர்ந்தார். மேற்குத் தாம்பரத்து வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒருமுறை அந்தத் தெரு வழியாகப் போனபோது மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தவள், அது தெரியாத முகம் என்றதும் வேகமாக நடந்துவிட்டேன்.

எப்போதாவது போன் வரும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை. போன மாதம் வந்தபோது நான் செங்கல்பட்டு வண்டியில், லேடீஸ் பெட்டியில், வாசல் பக்கம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். தாம்பரம் தாண்டியிருந்தது. வழக்கம்போல எல்லோரையும் விசாரித்தார். தாஸ் அண்ணனுக்கு முதுகு எப்படி இருக்கிறது, ஆயாம்மா பேத்தி எந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள், ஜெயந்தி இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறாள். ரேவதி ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சராகச் சேர்ந்துவிட்டதைச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சந்தோஷத்தில் கத்தியது பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டிருக்கும்.

பிறகு சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"மேடம்?"

"இருக்கேன்க்கா."

வண்டி பெருங்களத்தூரில் நின்று கிளம்பியது.

"இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "லைப்ரரி பெருசு. பிள்ளைங்க மரியாதையா இருக்காங்க. அம்மாவுக்கும் பரவாயில்ல." பிறகு, "எனக்குத்தான்க்கா ரொம்பத் தேடுது."

அவருடைய அம்மா ராமநாதபுரம் பக்கம். யாரையாவது நினைத்து ஏங்கினால் 'தேடுது' என்பார்கள் அவர்கள். தனக்கு ஒரு குறை இருப்பதாக அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல் அதுதான். ஆறுதலாக என்னென்னவோ தொண்டை வரை வந்தது. லீவுக்கு வாங்க, வந்தால் எங்கள் வீட்டிலேயே தங்குங்கள், எல்லோரையும் கூப்பிடுகிறேன் என்று. அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"எங்களுக்கும் தேடுது" என்றேன். பிறகு, முதல் முறையாக, மேடத்தை அவருடைய பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

அந்தப் பக்கம் அழுகிறார் என்று புரிந்தது. அல்லது சிரித்தாரோ. இரண்டுக்கும் அவரிடம் மூச்சு ஒரே மாதிரிதான் வரும். பூக்கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த அம்மா என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கூடையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வண்டலூர் போயிற்று. நான் இறங்க வேண்டிய ஊரப்பாக்கம் வந்தது. இறங்குகிறவர்கள் என்னைத் தாண்டி இறங்கினார்கள். ஏறுகிறவர்கள் ஏறினார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வண்டி கூடுவாஞ்சேரியை நோக்கிக் கிளம்பியது.